நெல்லை வெயிலில் நிலக்காட்சி: இடத்தில் வரைவதும் அறைக்குள் வரைவதும்

மழை ஓய்ந்து தாமிரபரணி ஆறு தெளியத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் குறுக்குத்துறையிலும் பாபநாசத்திலும் படித்துறையில் தாளும் வண்ணத்தட்டுமாக யாராவது உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தால், கடந்து போகிறவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. கையில் செல்போன் இருக்கிறதே, ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டில் மின்விசிறிக்கு அடியில் நிதானமாக வரையலாமே, எதற்கு இந்த வெயில்? ஓவியப் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததை நிலக்காட்சி என்று ஏற்கலாமா? இடத்திலேயே வரைந்ததற்கு மட்டும் ஏன் தனி மதிப்பு?

இதற்கு விடை சொல்ல ரசனை மட்டும் போதாது. சூரியன் எப்படி நகர்கிறது, கண் எப்படிப் பார்க்கிறது, வண்ணம் எப்படி உலர்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிலக்காட்சி வரைவதற்கான பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், நிலநடுக்கோட்டிலிருந்து 40 பாகைக்கு (டிகிரிக்கு) வடக்கே வாழ்ந்தவர்கள் எழுதியவை. திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 பாகையில் இருக்கிறது. அங்கே சரியாக இருக்கும் விதிகளில் பல இங்கே தப்பாகிவிடுகின்றன. கற்கும் பிள்ளைகள் அதைத் தங்கள் கைக்குறை என்று எண்ணி மனம் சோர்கிறார்கள். குறை விதியில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. நிலக்காட்சி: மலை, ஆறு, வயல், தெரு என ஓர் இடத்தையே பொருளாகக் கொண்ட ஓவியம். ஆட்கள் இருக்கலாம்; ஆனால் படம் அவர்களைப் பற்றியதாக இருக்காது.

2. இடத்தில் வரைதல்: ஓவியம் பயில்கிறவர்கள் 'அவுட்டோர்' என்றும் 'ஸ்பாட் பெயிண்டிங்' என்றும் சொல்வது. காட்சியின் எதிரே உட்கார்ந்து, அந்த வெளிச்சம் இருக்கும் நேரத்துக்குள் வரைவது.

3. ஸ்டுடியோ: நம் ஊர்களில் இந்தச் சொல்லைக் கேட்டதும் போட்டோ ஸ்டுடியோதான் நினைவுக்கு வரும். இங்கே ஓவியர் வேலை செய்யும் அறை என்று பொருள். வீட்டு மாடியில் ஒதுக்கிய ஒரு மூலையும் ஸ்டுடியோதான்.

4. தொனி: ஒரு வண்ணம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்ற அளவு. பச்சையா நீலமா என்பது நிறம். அந்தப் பச்சை பக்கத்துச் சுவரைவிட இருண்டதா வெளுத்ததா என்பது தொனி. நிலக்காட்சியில் நிறம் தப்பினாலும் படம் நிற்கும். தொனி தப்பினால் நிற்காது.

ஓவியர்கள் எப்போது வெளியே வந்தார்கள்

இடத்தில் வரைவதுதான் பழைய வழி, ஸ்டுடியோ பின்னால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியத்தில் நடந்தது நேர் எதிர். நிறப்பொடியை எண்ணெயில் அரைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டி வைத்திருந்த காலத்தில், வண்ணங்களை வெளியே தூக்கிச் செல்வது பெரும்பாடு. ஒருமுறை குத்தித் திறந்தால் சரியாக மூட முடியாது; வெடித்தும் போகும். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் நசுக்கிப் பிதுக்கும் வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பற்பசை வரும் அதே உருவம். அது பரவிய பிறகுதான் முழு ஓவியத்தையே வெளியில் உட்கார்ந்து முடிப்பது பலருக்கும் எளிதாயிற்று.

அதற்கு முன்பும் வெளியே போனவர்கள் உண்டு. அவர்கள் கொண்டுவந்தவை குறிப்புகள். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் சிறுசிறு எண்ணெய் ஓவியங்களாக வரைந்தார். பலவற்றின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதி வைத்தார். அவருடைய பெரிய படங்களோ லண்டன் ஸ்டுடியோவில் உருவானவை. பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1890, 1891-இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது பல கான்வாஸ்களை (வரைதுணிகளை) வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாறக் கான்வாஸை மாற்றினார். அவரும் அந்த வரிசைப் படங்களை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்த் திருத்தித்தான் முடித்தார். வெளியில் வரைந்ததற்குப் பொருளே சாட்சி சொல்வதும் உண்டு. மொனே 1870-இல் பிரான்சின் த்ரூவில் கடற்கரையில் வரைந்த ஒரு படத்தின் வண்ணப் பூச்சுக்குள் மணல் துகள்கள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் (வில்லியம், தாமஸுடைய உடன்பிறந்தவரின் மகன்) 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்தபோது நெல்லைச் சீமைக்கும் வந்தார்கள். பாபநாசம் அருவியையும், களக்காட்டுப் பக்கத்திலிருந்து தெரியும் மலைகளையும் வரைந்தார்கள். இருண்ட பெட்டிக்குள் லென்ஸ் வழியாகக் காட்சி விழும் கருவியை இடத்தில் பயன்படுத்தி, பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் லண்டன் போய்ச் செப்புத் தகடுகளில் ஏறின. 1795 முதல் 1808 வரை வெளிவந்த 144 அச்சுப் படங்களின் பெருந்தொகுப்பில் நெல்லைக் காட்சிகளும் இடம்பெற்றன. பாபநாசத்தில் பார்த்ததற்கும் லண்டனில் அச்சானதற்கும் நடுவே பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அருவியின் உயரமும் பாறையின் அமைப்பும் இடத்தில் கிடைத்தவை. படத்தில் இருக்கும் நிதானமான ஒளி அறையில் சேர்ந்தது.

இதற்கு மறுகோடியில் நிற்பது கோவில்பட்டி. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை அது திருநெல்வேலி மாவட்டத்து ஊர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துவந்த கொண்டையராஜு அங்கே தங்கி, அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களாகத் தமிழ்நாடு முழுவதும் வீடுகளில் தொங்கின. அந்த முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் இருக்கும் மலை, அருவி, தாமரைக்குளம் எல்லாம் அறைக்குள் பிறந்தவை. அங்கே நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சூரியன் தீர்மானிக்கவில்லை. பூஜையறையில் வருடம் முழுவதும் இருக்க வேண்டிய படத்துக்குக் காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி என்ற கணக்கு தேவையில்லை. அந்த வேலைக்கு அந்த முறை மிகப் பொருத்தம். குறுக்குத்துறையின் ஒரு மார்கழிக் காலையை வரைய வேண்டும் என்றால் அந்த முறை உதவாது.

8.7 பாகையில் சூரியன் நடக்கும் விதம்

இடத்தில் வரைகிறவருக்கு முதல் பகை நேரம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் வட நாடுகளில் அது சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்குகிறது. நம் ஊரில் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுகிறது. இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

சித்திரை பிறக்கும் நாட்களில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் 50 அடி உயரப் பனை ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 7.30 மணிக்கு அதன் நிழல் ஏறக்குறைய 150 அடி நீளம் கிடக்கும். 9.30 மணிக்கு அது ஏறக்குறைய 45 அடியாகச் சுருங்கிவிடும். பகல் 12.20 வாக்கில் நிழல் மரத்தின் காலடியிலேயே போய் ஒடுங்கிவிடும். அந்த நாட்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தவர், தொடங்கும்போது பார்த்த நிழலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத காட்சியைப் பார்த்து முடிக்கிறார். நிழல்களை முதல் பத்து நிமிடத்தில் குறித்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவை எங்கே போனாலும் பார்க்காமல் இருப்பதுதான் ஒரே வழி. துரத்திக்கொண்டே போனால் ஒரே படத்தில் மூன்று சூரியன்கள் வந்துவிடும்.

இதிலிருந்து வரும் விளைவுகளைச் சொல்கிறேன்.

1. காலை சுமார் 9.30 முதல் மாலை 3.30 வரை காட்சி தட்டையாகிவிடும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மலையின் மடிப்புகள் மறைந்துபோகும். மரங்கள் தங்கள் காலடியில் மட்டும் ஒரு கரும்புள்ளியை வைத்துக்கொண்டு நிற்கும். ஐரோப்பியப் புத்தகம் 'பகல் முழுவதும் வரையலாம்' என்று சொன்னால் அது அந்த ஊரின் தாழ்ந்த சூரியனுக்குச் சொன்னது.

2. அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்தபின் வேலை செய்யும்படியான வெளிச்சம் இங்கே இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். இங்கிலாந்தின் நடுக்கோடையில் அது ஏறக்குறைய இரு மடங்கு. அந்தி வானத்தை இடத்திலேயே முழுப் படமாக முடிப்பது இங்கே நடக்காத காரியம். குறிப்பு எடுக்கலாம், அவ்வளவுதான்.

3. மலை நமக்கு மேற்கே இருக்கிறது. இது மிக முக்கியம். அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ நின்று பார்த்தால், காலையில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் மலையின் முகத்தில் விழுகிறது. ஓடைத் தடம், பாறை, காடு எல்லாம் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் அதே மலை ஒரே நீல நிழலுருவாக மாறிவிடும். ஒரே மலைக்குக் காலையில் ஒரு பாடம், மாலையில் வேறு பாடம். திருச்செந்தூர்க் கடற்கரையில் இது தலைகீழ்: அங்கே காலையில்தான் சூரியன் எதிரே நின்று கண்ணைக் கூச வைக்கும்.

கண் பார்ப்பதும் செல்போன் பார்ப்பதும்

புகைப்படம் எடுத்துக்கொண்டால் நிழல் நகராதே என்று கேட்கலாம். உண்மைதான். புகைப்படத்தின் பெரிய உதவி அதுவே. ஆனால் நிலக்காட்சிக்கு மிகவும் தேவையான செய்திகள் அதில் தொலைந்துவிடுகின்றன.

ஒன்று, அளவு. செல்போனின் முதன்மை லென்ஸ் பொதுவாக அகலக் கோணம் கொண்டது. நேரில் வானத்தில் பாதியை அடைத்து நிற்பதாகத் தோன்றும் பொதிகைமலை, போன் திரையில் அடிவானத்தின் மேல் ஒரு விரல் அகலக் கோடாகிவிடும். மலையை நாம் பெரிதாக உணர்வதற்குக் காரணம் மனம் அதையே கவனிப்பது. லென்ஸுக்கு எதன் மேலும் தனிக் கவனம் கிடையாது. அந்தப் படத்தை அப்படியே தாளில் ஏற்றியவர், தான் பார்த்த மலையைத் தொலைத்துவிடுகிறார்.

இரண்டு, ஒளி அளவு. வெயில் விழும் வெள்ளைச் சுவரையும் ஆலமரத்தடி இருட்டையும் கண் மாறி மாறிப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரண்டிலும் விவரம் தெரிகிறது. ஒரே நொடியில் பதிவு செய்யும் கருவி இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: சுவர் வெளுத்துப்போகும், அல்லது மரத்தடி கருத்துப்போகும். புதிய போன்கள் பல படங்களைச் சேர்த்து இதைச் சரிக்கட்டுகின்றன. அப்போது நிழல் இருக்க வேண்டியதைவிட வெளிச்சமாகி, தொனி உறவே குலைந்துவிடுகிறது.

மூன்றாவது, நிழலின் நிறம். திறந்த வெளியில் நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இடமாக இருப்பதில்லை. வெயில் படாத அந்த இடத்தில் நீல வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் செங்காவிச் சுவர் இருந்தால் அதன் சிவப்பும் அதில் கலக்கும். புகைப்படத்தில் நிழல் பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ வருகிறது. போனைப் பார்த்தே வரையப் பழகியவர்கள் நிழலுக்குக் கறுப்பை எடுப்பது இதனால்தான்.

போனை மட்டும் வைத்து வரைகிறவர் போன் பார்த்த திருநெல்வேலியைத்தான் வரைகிறார் என்பது என் உறுதியான எண்ணம். அதில் திறமை இருக்கலாம், உழைப்பு இருக்கலாம். ஊர் இருக்காது.

மூன்று இடங்கள், அருகில் போய்

பொதுவாகப் பேசுவதைவிட மூன்று இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்தவருக்கு மட்டும் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஆறு. குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. பெருவெள்ளத்தில் மூழ்கி, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தலைகாட்டும் கோயில். படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் முதலில் தெரிவது, அது ஒரே நிறமாக இல்லை என்பது. காலடியில் நேராகக் கீழே பார்க்கும்போது தண்ணீர் கண்ணாடிபோல் ஊடுருவ விடுகிறது: மணலும் கூழாங்கல்லும் பாசியும் தெரிகின்றன, நிறம் தேன்பழுப்பு. பார்வையைத் தூரத்துக்குக் கொண்டுபோகப் போக, பார்வைக் கோணம் சாய்ந்துகொண்டே போய், தண்ணீர் ஊடுருவ விடுவதை நிறுத்தி வானத்தைக் காட்டத் தொடங்குகிறது. எதிர்க்கரை அருகே அது முழுக் கண்ணாடி. நடுவில் எங்கோ ஓரிடத்தில் மணலும் வானமும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். அந்த இடத்தைத் தாளில் கொண்டுவந்துவிட்டால் பார்ப்பவருக்குத் தண்ணீரில் கால் வைத்தது போல் இருக்கும். இன்னொன்றும் உண்டு. வெள்ளைக் கோபுரத்தின் பிம்பம் கோபுரத்தைவிடக் கொஞ்சம் மங்கும். இருண்ட மண்டபத்தின் பிம்பம் மண்டபத்தைவிடக் கொஞ்சம் வெளுக்கும். வெளுப்பும் இருட்டும் தண்ணீரில் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அறைக்குள் நினைவிலிருந்து வரைகிறவர் இரண்டையும் அப்படியே தலைகீழாக்கி வைத்துவிடுவார். அது தண்ணீராக இராமல் கண்ணாடி மேஜையாகத் தெரியும்.

வயல். நெல்லைச் சீமையில் கார், பிசானம் என்று இரண்டு சாகுபடி. ஆனியில் தொடங்கும் கார் ஒரு வெளிச்சத்தில் வளர்கிறது. ஐப்பசி மழையோடு தொடங்கும் பிசானம் இன்னொரு வெளிச்சத்தில். டியூபில் வரும் பச்சை இரண்டுக்கும் பொருந்தாது. நெல்லின் பச்சையே நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சூரியனை முதுகில் வைத்துப் பார்த்தால் இலையின் மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலித்துச் சற்றே சாம்பல் கலந்த நீலப்பச்சையாக இருக்கும். சூரியனை எதிரே வைத்துப் பார்த்தால் வெயில் இலையை ஊடுருவி வந்து மஞ்சள் பச்சையாக எரியும். ஒரே வயல், ஒரே நிமிடம்; தலையைத் திருப்பினால் நிறம் மாறுகிறது. மஞ்சளையும் நீலத்தையும் தானே கலந்து பச்சை உண்டாக்கப் பழகியவருக்கு இந்த மாற்றம் கைக்குள் வரும்.

தேரி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகள் பழைய நெல்லைச் சீமையின் பாலைநிலம். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. அங்கே வெயில் விழும் மணல் செம்மஞ்சள். பனையின் நிழல் விழும் மணல் ஊதா. சிவப்பு மணலின் மேல் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுந்தால் வேறு என்ன ஆகும்? புத்தகத்தில் படித்தால் நம்பிக்கை வராது. அங்கே போய் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தவர் அதற்குப் பிறகு தேரி நிழலுக்குப் பழுப்பை எடுக்கவே மாட்டார்.

தாள், வண்ணம், காற்று

வெளிச்சத்துக்கு அடுத்தபடி பொருள்கள். நீர்வண்ணம் தண்ணீர் ஆவியாவதால் உலர்கிறது. எண்ணெய் வண்ணம் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால் உலர்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால் எந்த மாதத்தில் எதை எடுத்துப் போவது என்பது தானாகவே தெளிவாகும்.

பங்குனி, சித்திரை வெயிலில் நீர்வண்ணம் தூரிகை தாளைத் தொட்ட சில நொடிகளிலேயே ஓரம் காயத் தொடங்கிவிடும். வானத்தை மேலிருந்து கீழே நீர்க்கப் பூசிக்கொண்டு வருவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழும். தாளின் இரு பக்கத்தையும் நனைத்துக்கொள்வது, கனமான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளை எடுப்பது, தண்ணீரில் சில சொட்டுக் கிளிசரின் சேர்ப்பது ஆகியவை உதவும். அக்ரிலிக் இன்னும் மோசம். தட்டிலேயே தோல் கட்டிவிடும். குற்றாலச் சாரலில் எல்லாம் தலைகீழ். முதல் பூச்சே காயாது. தாள் ஊறித் தளரும். வீட்டுக்குக் கொண்டுவந்து காற்றாட வைக்காமல் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். சாரல் காலத்தில் பென்சிலும் கரியும்தான் நம்பகமான துணை.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நம்பித்தான் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே கான்வாஸை வைக்கும் மரத்தாங்கியை நிறுத்தி வரைவது ஆபத்து. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் கான்வாஸ் எம்மாத்திரம். தாங்கியின் நடுவில் கல் கட்டிய பையைத் தொங்கவிடலாம். அதைவிட நல்லது, தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து வரைவது. உட்கார்ந்தால் பார்வை மட்டம் தாழ்ந்து வரப்பும் பனையும் உயர்ந்து தெரியும். அது காட்சிக்கும் நன்மை.

வெயிலில் வரைகிறவர்கள் அடிக்கடி வருந்தும் ஒரு பிழையையும் இங்கே விளக்கிவிடலாம். இடத்தில் அற்புதமாகத் தெரிந்த படம் வீட்டுக்கு வந்ததும் இருண்டுபோய்க் கிடக்கும். காரணம் எளிது. நேர் வெயில் விழும் தாள் கண்ணைக் கூச வைக்கிறது. அதன் மேல் எந்த வண்ணமும் பளிச்சென்று தெரிவதால் கை தானாகவே அடர்த்தியைக் கூட்டுகிறது. அறை வெளிச்சத்தில் அந்த அடர்த்தி மட்டும் மிஞ்சுகிறது. தாளும் வண்ணத்தட்டும் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். குடை பிடித்தால் கறுப்புக் குடையோ வெள்ளைக் குடையோ போதும். சிவப்பு, நீலக் குடைகள் தாளின் மேல் தங்கள் நிறத்தை ஊற்றிவிடும்.

அறைக்குள் கிடைப்பது

ஸ்டுடியோவின் வலிமை நேரம் நிற்பது. பெரிய தாள், பெரிய கான்வாஸ், பல நாள் உழைப்பு, அடுக்கடுக்கான எண்ணெய்ப் பூச்சு, எதை விடுவது எதை வைப்பது என்ற முடிவு இவையெல்லாம் அங்கேதான் முடியும். வெளியில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் விழுகிறது. மின்கம்பத்தை விடலாமா, படித்துறையில் துவைக்கிறவரைச் சற்று இடப்பக்கம் நகர்த்தலாமா என்பதை அமைதியாக யோசிக்க அறைதான் வேண்டும். பாபநாசத்துக்கு மேலே மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் அங்கே அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. நினைத்த விடியலில் போய் உட்கார முடியாது. தனியாக வெளியில் மணிக்கணக்கில் உட்காருவதில் பெண்களுக்கு இருக்கும் தொல்லைகளும் உண்மையானவை. இவர்களிடம் 'இடத்தில் வரையாதது ஓவியமே இல்லை' என்று சொல்வது அநியாயம்.

ஆனால் அறையின் வெளிச்சத்திலும் நாம் கடன் வாங்கிய விதி ஒன்று இருக்கிறது. 'ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல் வேண்டும், அங்கே நேர் வெயில் வராது' என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் பாடம். 50 பாகையில் அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் சரியாக இருக்கும். இங்கே என்ன நடக்கிறது?

1. செப்டம்பர் 23 வாக்கிலிருந்து மார்ச் 21 வாக்கு வரை சூரியன் நாள் முழுவதும் நமக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் இல்லை; பாடம் பொருந்துகிறது.

2. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை சூரியன் காலை முதல் மாலை வரை நமக்கு வடக்கே இருக்கிறது. வடக்கு ஜன்னலில்தான் வெயில் அடிக்கும். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து நுழைவதைத் தடுக்காது. அந்த மாதங்களில் நேர் வெயில் படாத ஜன்னல் தெற்கு ஜன்னல்.

3. இடைப்பட்ட வாரங்களில் சூரியன் வடக்கில் உதித்து, நண்பகலில் தெற்கே சாய்ந்து, மறுபடி வடக்கில் மறையும்.

அதனால் நெல்லையில் ஓவிய அறைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வேண்டும். பருவத்துக்கு ஏற்ப வரையும் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஜன்னல்தான் என்றால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டால் வெயில் மென்மையாகிவிடும். பச்சைச் சுவரும் ரோஸ் சுவரும் தாளின் மேல் நிறம் வீசும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரே நல்லது.

இரண்டையும் இணைக்கும் வேலைமுறை

இந்த ஊருக்குப் பொருந்தும் முறை இது:

1. இடத்தில் வரைவதைச் சிறிதாகவும் அடிக்கடியும் வைத்துக்கொள்ளுங்கள். முழுத்தாளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 7.5 x 11 அங்குலம், நாற்பது நிமிடம். இரண்டு மணி நேர ஒற்றைப் படத்தைவிட, ஒரே இடத்தில் மூன்று காலைகளில் வரைந்த மூன்று சிறுபடங்கள் அதிகம் சொல்லும்.

2. முதலில் தொனி. மூன்றே அடர்த்தியில் பென்சிலால் ஒரு சிறு கட்டம். வானம், மலை, தரை ஆகிய மூன்றில் எது வெளிர், எது நடு, எது அடர் என்று தீர்மானித்த பிறகே தூரிகை.

3. நிறத்தை எழுதி வையுங்கள். 'நிழல் மணல்: ஊதா, சுவரைவிடக் கொஞ்சம் இருட்டு', 'தூரத்து மலை: வானத்தைவிட ஒரு படி அடர்' என்பது போல. ஒப்பிட்டு எழுதியது மட்டுமே பிறகு உதவும். 'அழகான நீலம்' என்று எழுதினால் அறைக்குள் போனதும் அது எந்த நீலம் என்று யாருக்கும் தெரியாது.

4. புகைப்படம் எடுங்கள், ஆனால் வரைந்து முடித்த பிறகு எடுங்கள். மண்டபத்துக்கு எத்தனை தூண், ஓடத்தின் வளைவு எப்படி என்பதற்கு அது நல்ல சாட்சி. நிறத்துக்கும் தொனிக்கும் அதைக் கேட்க வேண்டாம்.

5. பெரிய படத்தை அறையில் தொடங்கும்போது, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் சிறுபடங்களை மட்டும் எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஐயம் வந்தால் அதே மாதத்தில், அதே நேரத்தில் மறுபடி ஒருமுறை அந்த இடத்துக்குப் போய் வருவது எந்தப் புகைப்படத்தையும்விட விரைவான தீர்வு.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. 'நிலக்காட்சி' என்று அறிவித்தால் அறையில் வரைந்தது, புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது எல்லாம் வரலாம். எப்படி வரைந்தோம் என்பதை வரைந்தவர் சொன்னால் போதும். 'ஸ்பாட் பெயிண்டிங்' என்று அறிவித்தால் இடமும் நேரமும் நிபந்தனை. அதில் போன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்து வரைவதை அனுமதிப்பது, வெயிலில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்து வரைந்த பிள்ளைக்குச் செய்யும் அநீதி. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும்படி போட்டி வைப்பதையும் மாற்ற வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால் அம்பாசமுத்திரத்தில் மலையின் மடிப்புகள் தெரியும், நிழல்கள் நீளமாக இருக்கும், தாளும் சுடாது.

கடைசியாக, கான்ஸ்டபிள் செய்தது போல ஒவ்வொரு சிறுபடத்தின் பின்னாலும் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், ஆற்றில் தண்ணீர் எந்தப் படி வரை என்று எழுதி வையுங்கள். 'தை 12, காலை 7.10, வாடைக்காற்று, தண்ணீர் நான்காம் படி' என்று பின்பக்கத்தில் இருந்தால், அடுத்த தையில் அதே படியில் உட்காரும்போது எந்த வண்ணத்தை முதலில் தொட வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.